குழலுக்குள் உப்பு

கருமருந்து எரிந்து முடிந்ததும் அதன் எடையில் பாதிக்கும் குறைவான பங்குதான் வாயுவாக மாறியிருக்கும். மீதி திடப்பொருள். ஆண்ட்ரூ நோபிள், ஃப்ரெடரிக் ஏபெல் என்ற இருவர் மூடிய கலத்துக்குள் மருந்தை எரித்து அளந்து, 1875-இல் லண்டன் ராயல் சொசைட்டி வழியாக வெளியிட்ட கணக்குப்படி நூற்றுக்கு ஏறக்குறைய 57 பங்கு திடம், 43 பங்கு வாயு. நாட்டுத் துப்பாக்கி வெடிக்கும்போது எழும் வெள்ளைப் புகைமூட்டம் அந்தத் திடத்தின் தூள்தான். வெளியே போகாதது குழலின் உட்சுவரில் படிந்துவிடுகிறது. கறுப்பாக இருப்பதால் அதைக் கரி என்றே பலரும் நினைக்கிறார்கள். கரி அதில் கொஞ்சம்தான். பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு என்று பெரும்பங்கு உப்பு. குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைச் சுத்தம் செய்வது என்றால் இந்த உப்பைக் கரைத்து வெளியே எடுப்பது. எண்ணெய் அதற்குப் பிறகு வருகிற வேலை.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் 1970-களில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இந்த வரிசை பிசகாமல் நடந்துவந்தது. கண்டோன்மென்ட் பகுதியின் நிர்வாகத்தில் இருந்த எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரைத் தாங்கிய பேட்டை அது. ஒரு பக்கம் ஃப்ரேசர் டவுன், இன்னொரு பக்கம் காக்ஸ் டவுன், குக் டவுன். பட்டாளத்தைச் சார்ந்து பிழைக்க வந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த இடம். அந்த வீட்டுப் பெரியவர் அல்சூரில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டிலிருந்த துப்பாக்கி பீகாரின் முங்கேரில் செய்த ஒற்றைக் குழல். லைசன்ஸ் புத்தகத்தில் அதன் பெயர் எஸ்.பி.எம்.எல்., அதாவது குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் ஒற்றைக் குழல். ஆனேக்கல் பக்கத்தில் குடும்பத்துக்கு இருந்த ராகிக் கொல்லையில் கதிர் முற்றும் மாதங்களில் பன்றியை விரட்ட வெறும் மருந்தும் அடைப்பும் போட்டு வானத்தைப் பார்த்து வெடிப்பார்கள். ரவை போடாவிட்டாலும் படிவு குறைவதில்லை. மறுநாள் பின்கட்டில் வெந்நீர் காயும்.

ஏன் மறுநாளே என்பதற்குக் காற்றின் ஈரம்தான் பதில். பொட்டாசியம் கார்பனேட் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தானே கரைந்துபோகும் பொருள். காற்றின் ஈரப்பதம் 43 விழுக்காட்டைத் தாண்டினால் அது தொடங்கிவிடும். பெங்களூரில் வறண்ட மாதங்களின் பிற்பகல்களை விட்டால் காற்று அதற்குக் கீழே இறங்குவது அரிது. கேப்பிலிருந்து, அதாவது அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியிலிருந்து, வருவது இன்னோர் உப்பு. பழைய கேப்புகளில் பாதரச ஃபல்மினேட்டோடு பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தது. அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாகிறது. கறியுப்புக்கு நெருங்கிய உறவு. அது நீர்விட ஈரப்பதம் 84 விழுக்காட்டுக்கு மேல் போகவேண்டும். மழைக்காலத்து அதிகாலைகளில் அதற்குப் பஞ்சமில்லை. கோடையில் சுட்ட துப்பாக்கி நாலு நாள் சும்மா கிடந்தும் துரு பிடிக்கவில்லை என்று சொல்பவர்களும், அக்டோபரில் ஒரே இரவில் குழல் செம்மண் நிறமாகிவிட்டது என்று புலம்புபவர்களும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகளைத்தான் பேசுகிறார்கள்.

துப்பாக்கிக்குள் தண்ணீர் விடுவது என்றாலே பதறுகிறவர்கள் உண்டு. இரும்பும் தண்ணீரும் ஆகாது என்பது பொது அறிவு. அந்தப் பொது அறிவால் கெட்டுப்போன குழல்கள் ஏராளம். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைப்பதுதான் வழக்கமான தவறு. மண்ணெண்ணெயில் உப்பு கரையாது. மேலே இருக்கும் கறுப்பு போய்க் குழல் பளபளக்கும், எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உப்பு பத்திரமாக இருக்கும். தோட்டா போடும் துப்பாக்கியில் பழகிய கை இந்தத் தவறைச் செய்வது இயல்பு. ஆனால் ரிச்சர்ட்ஸ் டவுன் பெரியவர் .303 லீ-என்ஃபீல்டில் பழகியவர். அந்த ரைஃபிளில் புகையில்லா மருந்துதான் என்றாலும், தோட்டாவின் அடியிலிருந்த கேப் அதே குளோரைடு உப்பைக் குழலில் விட்டுவந்தது. அதனால் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றிவிட்டுத்தான் புல்-த்ரூ கயிற்றில் துணியைக் கட்டி இழுப்பது பிரிட்டிஷ் காலத்திலிருந்து பட்டாளத்தில் வந்த பழக்கம். வீட்டில் அதை அவர் அப்படியே நாட்டுத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தார். புல்-த்ரூவுக்கு மட்டும் வழியில்லை. அடிப்பக்கம் மூடிய குழலில் கயிறு எங்கே வெளிவரும்? எல்லாம் கெஜக்கோல், அதாவது மருந்தைக் குத்தி இறுக்கும் கம்பியால்தான்.

முதல் வேலை குழல் காலி என்று உறுதிசெய்வது. மடக்கித் திறந்து பார்க்க இதில் ஏதுமில்லை. கெஜக்கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, குழல்வாய் விளிம்பில் நகத்தால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் மேலேயே வைத்துப் பார்க்கவேண்டும். நுனி நிப்பிள், அதாவது கேப் உட்காரும் துளையுள்ள காம்பு, இருக்கும் இடம்வரை வந்தால் காலி. இரண்டு மூன்று விரல்கட்டை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அந்த வீட்டுக் கெஜக்கோலில் இதற்காகவே அரத்தால் ஒரு கோடு கீறியிருந்தது. வெற்றுக் குழலில் அந்தக் கோடு வாயோடு வாயாக நிற்கும். பேரப்பிள்ளைகளில் யாராவது துப்பாக்கியைத் தொட ஆசைப்பட்டால் முதலில் இந்தக் கோட்டைக் காட்டச் சொல்வார். மருந்து உள்ளே இருப்பது தெரிந்தால் சுத்தம் செய்யும் பேச்சே இல்லை. பழைய மருந்தை வெளியே எடுப்பது லைசன்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரின் வேலை, வீட்டில் செய்யக்கூடியதல்ல.

பிறகு குழலைக் கட்டையிலிருந்து பிரிப்பது. முங்கேர் வேலைப்பாட்டில் பொதுவாக முன்கட்டையில் ஒரு பூணும், பின்னால் வால்பகுதியில் ஒரு திருகாணியும் இருக்கும். விசைப்பெட்டியைத் தனியே கழற்றி ஈரம் படாத இடத்தில் வைக்கவேண்டும். நிப்பிளை அதற்குரிய சாவியால் கழற்றலாம். இடுக்கியால் பிடித்துத் திருகினால் சதுர முனை மழுங்கிப்போய், அடுத்த முறை எந்தச் சாவிக்கும் அசையாது. குழலின் அடிமூடியை மட்டும் தொடக்கூடாது. அதைக் கழற்றினால் உள்ளே நன்றாகத் தேய்க்கலாம் என்று தோன்றும்; ஆனால் வெடியின் அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்த மரைதான். அடிக்கடி கழற்றி மாட்டி அது தளர்ந்தால் நிற்பது சுடுகிறவரின் கண்ணுக்கு நேரே.

நிப்பிள் எடுத்த குழலின் அடிப்பகுதியை ஒரு வாளி வெந்நீரில் நிறுத்தி, மேலிருந்து துணி சுற்றிய கெஜக்கோலை ஏற்றி இறக்குவதுதான் கழுவும் முறை. துணி குழலோடு ஒட்டி ஏறும்போது, நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் சைக்கிள் பம்ப் காற்றை இழுப்பதுபோல் உள்ளே ஏறும். இறங்கும்போது கறுப்பாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அப்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் சல்பைடு தண்ணீரோடு சேர்ந்து விடும் வாயு. அந்த வீட்டுப் பாட்டிக்கு இதில் ஒரே நிபந்தனை: “அந்தக் கந்தக நாத்தத்த அடுப்பங்கரப் பக்கம் கொண்டாராதீங்க.” குளியலறைத் தாமிர அண்டாவிலிருந்து வெந்நீர் எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி.

தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கவேண்டும் என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உப்பு விரைவில் கரையும்; இரும்பு சூடேறித் தானே உலர்ந்தும்விடும். ஆனால் அந்தச் சூட்டிலேயே உட்சுவரில் மெல்லிய ஆரஞ்சுத் துரு பூத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அது பூப்பதில்லை. உலர்த்தும் வேலை கூடுகிறது. இரண்டையும் சேர்ப்பது நல்லது. கை பொறுக்கும் சூட்டில் கொஞ்சம் துணி சோப்போடு கழுவி, தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று வாளி மாற்றிவிட்டு, கடைசியாக ஒரே ஒரு முறை கொதிநீர் ஊற்றி உடனே கவிழ்த்து உலரவிடுவது. சோப்பைவிடத் தண்ணீரின் குணம் முக்கியம். பெங்களூர்க் கிணறுகள் பலவற்றில் கடின நீர். அதில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து குழலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். காவிரித் தண்ணீர் 1974-இல்தான் நகருக்கு வரத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் அந்த வீட்டில் இந்த வேலைக்கு ஓட்டுக்கூரையிலிருந்து பிடித்துவைத்த மழைநீர்தான்.

துடைக்க வெள்ளைத் துணியே வேண்டும். நிறத்தைப் பார்த்துத்தான் வேலை முடிந்ததா என்று தெரியும். கறுப்பாக வந்தால் படிவு இருக்கிறது, பழுப்பாக வந்தால் துரு, சாம்பல் நிறம் லேசாக வந்தால் போதுமானது. தோய்த்துத் தோய்த்து மெலிந்த பழைய வேட்டி இதற்குச் சரியான துணி. கஞ்சி போட்டது கூடாது. துணியின் அளவுதான் சிக்கலான இடம். தடித்துப்போனால் பாதி வழியில் இறுகி, இழுக்கும்போது கோலிலிருந்து கழன்று அடியிலேயே தங்கிவிடும். அதை எடுக்கக் கெஜக்கோல் நுனியில் மாட்டும் பன்றிவால் திருகு ஒன்று இருக்கவேண்டும். அது கைவசம் இல்லாமல் கழுவவே இறங்கக்கூடாது. நிப்பிளையும் தனியே சோப்புநீரில் போட்டு, மெல்லிய கம்பியை அதன் துளையில் ஓட்டிக் கழுவவேண்டும். பித்தளைப் பாத்திரத்தைப்போல இதையும் புளிபோட்டுத் தேய்த்தால் என்ன என்ற யோசனை வீட்டுப் பெண்களிடமிருந்து வந்ததுண்டு. பூணுக்குச் சரி. நிப்பிளின் நுண்துளையிலும் மரையிலும் புளியின் அமிலம் தங்கினால் உப்பு செய்த வேலையையே அதுவும் செய்யும்.

குழல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் போடவேண்டும். எந்த எண்ணெய் என்பதில்தான் நாட்டுத் துப்பாக்கி மற்றத் துப்பாக்கிகளிலிருந்து முழுக்கப் பிரிகிறது. பெட்ரோலிய எண்ணெய் துருவைத் தடுக்கும். ஆனால் அதன் மேல் கருமருந்து எரிந்தால் இரண்டும் கலந்து தார்போன்ற கட்டிப் பிசினாகிவிடும். வெந்நீருக்கும் அசையாது. விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய், தேன்மெழுகு ஆகியவற்றின் மேல் எரியும்போது படிவு இளகியே இருக்கிறது. ஆகவே பெட்டியில் பூட்டிவைக்கும் மாதங்களுக்குக் கனிம எண்ணெய் போடலாம். அந்தக் காலத்தில் இதற்கென்றே ரங்கூன் ஆயில் என்று பெயர்போன ஒன்று இருந்தது. சுடும் நாளுக்குக் கொழுப்பும் மெழுகும்தான். இரண்டையும் ஒன்றாக நினைக்கக்கூடாது.

சமையலறை எண்ணெய்களிலும் எல்லாம் உதவாது. நல்லெண்ணெயும் கடுகெண்ணெயும் காற்றுப்பட்டுப் பட்டுப் பிசுபிசுத்து இறுகும். ஆளிவிதை எண்ணெய் முழுக்கவே காய்ந்து தோலாகிவிடும். அதன் இடம் குழலல்ல, மரக்கட்டை. அங்கே அது அருமையான மெருகு. தேங்காய் எண்ணெய் இறுகாது. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். பெங்களூரின் மார்கழிக் காலைகளில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராது. விளக்கெண்ணெய் இறுகுவதுமில்லை, உறைவதுமில்லை, இரும்பை விட்டு எளிதில் வழிவதுமில்லை. இருப்பவற்றில் அதுதான் முதலிடத்துக்குத் தகுதி. பழைய நெய் கூடாது. சிக்கடித்த நெய்யிலிருக்கும் அமிலம் பித்தளையைப் பச்சையாக்கும்.

அந்த வீட்டில் செய்த மசகு ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும். கொழுப்பு ரசல் மார்க்கெட்டிலிருந்து வரும். தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, ஆறியபின் மேலே கட்டியாக மிதப்பதை மட்டும் எடுத்து, அடியில் ஒட்டிய சதைத் துணுக்கைச் சுரண்டிவிட வேண்டும். உப்புக்கண்டத்தில் எஞ்சிய கொழுப்பு ஒரு துளியும் சேரக்கூடாது. குழலிலிருந்து எடுத்த உப்பைக் குழலுக்கே திருப்பிக் கொடுப்பதாகிவிடும். மெழுகின் பங்கை வெயில் தீர்மானிக்கும். குளிரில் கொழுப்பு கூடலாம். கோடையில் மெழுகைக் கூட்டாவிட்டால் டப்பாவிலேயே உருகி ஓடும். விரலால் தொட்டால் இளகவேண்டும், தொடாமல் விட்டால் நிற்கவேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு அளவு அங்கே சொல்லப்பட்டதில்லை.

இந்த மசகின் வேலை துருவைத் தடுப்பதோடு முடிவதில்லை. மருந்துக்கு மேலே வைக்கும் அடைப்பில் இதைத் தடவினால், ஒவ்வொரு வெடியிலும் முந்திய படிவை இளக்கிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் சில வெடிகளுக்குள் படிவு கட்டிதட்டி, கெஜக்கோல் உள்ளே இறங்கவே மறுக்கும். நெளிவரி வெட்டிய ரைஃபிள் குழலில் நிலைமை இன்னும் மோசம். குண்டு வரியைப் பிடித்து ஏறவேண்டும் என்பதால் படிவு இளகியே தீரவேண்டும். 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளின் காகிதத் தோட்டாவில் கொழுப்பு தடவப்பட்டது இதற்காகத்தான். அந்தக் கொழுப்பு பசுவுடையதா பன்றியுடையதா என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டமில் கிளம்பியது. அந்த மாதக் கடைசியிலேயே தோட்டாக்களைக் கொழுப்பில்லாமல் கொடுத்துவிட்டு, சிப்பாய்களே தங்களுக்கு ஒப்பான மசகைத் தடவிக்கொள்ளலாம் என்று கும்பினி அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். எண்ணெயும் மெழுகும் சேர்த்தால் காரியம் நடக்கும் என்பது தொழில்நுட்ப ரீதியில் சரியான தீர்வு. சந்தேகம் அதற்குள் எந்த மசகுக்கும் கட்டுப்படாத இடத்துக்குப் போய்விட்டிருந்தது.

ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் ஈரத்துணியை ஒருமுறை உள்ளே விட்டு எடுப்பது இன்னொரு பாதுகாப்பு. படிவு இளகுவதைவிட இதில் பெரிய பயன், அடியில் கனன்றுகொண்டிருக்கும் துணுக்கு ஏதாவது இருந்தால் அணைந்துவிடுவது. கனலின் மேல் புது மருந்து விழுந்தால் கெட்டிக்கிற கை போய்விடும்.

எண்ணெயிட்ட குழலைச் சார்த்திவைப்பதிலும் முறை உண்டு. குழல்வாய் கீழே பார்த்து நிற்கவேண்டும். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் வழிந்து அடியில் தேங்கி, நிப்பிள் துளையை அடைத்து, விசைப்பெட்டி உட்காரும் இடத்தில் மரத்துக்குள் ஊறும். எண்ணெய் ஊறிய மரம் பஞ்சாகி, திருகாணிக்குப் பிடிமானம் கொடுக்காது. பூச்சி புகாமலிருக்க வாயில் துணி அடைப்பவர்கள் ஈரத்தை உள்ளே பூட்டுகிறார்கள், திறந்தே இருக்கலாம். மறுநாள் ஒரு துணி, மூன்றாம் நாள் ஒரு துணி, வாரம் கழித்து ஒரு துணி உள்ளே ஓட்டிப் பார்க்கவேண்டும். முதல்நாள் சுத்தமாக வந்த குழல் மூன்றாம் நாள் பழுப்புக் காட்டுவது சாதாரணம். எங்கேயோ தங்கிய உப்பு ஈரம் குடித்திருக்கிறது என்று பொருள். மறுபடி வெந்நீர்தான், எண்ணெயை மேலும் ஊற்றுவதில் பயனில்லை.

ஆயுத பூஜை துப்பாக்கிக்குக் கொஞ்சம் ஆபத்தான நாள். அரைத்த சந்தனத்தின் ஈரமும் அதன் மேல் வைத்த குங்குமமும் குழலின் மேல் இரவு முழுவதும் இருந்தால், துடைத்த பிறகும் வட்டமாக ஒரு துருத்தழும்பு நிற்கும். பெரியவர் பொட்டைக் கட்டையில் வைக்கச் சொல்லிவிடுவார். சாமிக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. குடகில் செப்டம்பர் 3-ஆம் தேதியை ஒட்டி வரும் கைல்போத் விழாவில் துப்பாக்கிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, குழல்வாயில் தோக் பூ செருகிக் கும்பிடுவார்கள். தமிழ்நாட்டில் செங்காந்தள் எனப்படும் பூவேதான். கொடவர்களுக்குத் துப்பாக்கி லைசன்ஸிலிருந்து 1861 முதல் விலக்கு இருப்பதால், வீட்டுக்கு வீடு இந்தக் காட்சி உண்டு. பட்டாளத்திலும் நிலத்திலும் துப்பாக்கியோடு வாழ்ந்தவர்கள் ஆண்டுக்கொருமுறையாவது எல்லாக் குழலையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர இப்படியொரு நாளை வைத்திருப்பது நடைமுறையிலும் நல்ல ஏற்பாடு. பூவின் ஈரம் குழலுக்குள் இறங்குமுன் அதை எடுத்துவிட்டால் சரி.

சமவெளியில் அந்த லைசன்ஸ் விலக்கு இல்லை. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும். திரும்பி வரும்வரை யாரும் துணி ஓட்டிப் பார்க்கப்போவதில்லை. கட்டிக் கொழுப்பு பயன்படுவது அப்போதுதான். மெழுகு தூக்கலான மசகை உருக்கி, சூடான குழலுக்குள் துணியால் தடித்த பூச்சாகப் பூசி, நிப்பிளின் மரையிலும் தடவி மாட்டிவிட வேண்டும். வழியாது, ஆவியாகாது, பல மாதம் தாங்கும். கழுவி முழுக்க உலர்ந்த குழலாக இருந்தால்தான் இந்தப் பூச்சுக்கு அர்த்தம்.

மறுபடி கெட்டிப்பதற்கு முன் அந்தக் கொழுப்பு முழுவதையும் எடுத்தாகவேண்டும். அடியில் எண்ணெய் தங்கினால் மருந்து நனைந்து, கேப் மட்டும் படீரென்று குழல் ஊமையாக நிற்கும். உலர்ந்த துணியை அது சுத்தமாக வரும்வரை ஓட்டி, காலிக் குழலில் நிப்பிள் மேல் கேப்பை வைத்து, குழல்வாயைத் தரையிலுள்ள ஒரு சருகுக்கு நேரே பிடித்துச் சொடுக்கினால், துளை திறந்திருந்தால் சருகு துள்ளும். துள்ளாவிட்டால் இன்னொரு கேப். அதிலும் அசையாவிட்டால் நிப்பிளைக் கழற்றிக் கம்பி ஓட்டவேண்டும். கடைசிச் சோதனையாக, உலர்ந்த துணியைக் கெஜக்கோலால் அடிவரை தள்ளி, கோலைக் கையிலிருந்து விட்டுவிட்டு, குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி ஒரு கேப்பைச் சொடுக்கி, பிறகு துணியை வெளியே எடுத்துப் பார்க்கலாம். நடுவில் கருகிய புள்ளி இருந்தால் நெருப்பு போய்ச்சேருகிறது. கேப் விட்ட உப்பை ஈரத்துணியாலும் உலர்ந்த துணியாலும் ஒருமுறை துடைத்துவிட்டு மருந்து கெட்டிக்கலாம்.